உளுந்தா, மல்லாட்டையா? சத்தில் எது உயர்ந்தது?

திருநாவலூர், உளுந்தூர்பேட்டை வட்டாரத்துச் சிறு விவசாயிகளுக்கு உளுந்தும் நிலக்கடலையும் புதியவை அல்ல. உளுந்தூர்பேட்டையின் பெயரிலேயே உளுந்து இருக்கிறது. மணிலாக்கொட்டை என்ற பெயர் மருவி, இப்பகுதியில் மல்லாட்டை ஆகி, நிலக்கடலை வீட்டுப் பயிராகவே ஆகிவிட்டது. கெடிலம் ஆற்றையொட்டிய நிலங்களிலும், மேட்டுப்பாங்கான மானாவாரி நிலங்களிலும் இவ்விரண்டில் ஒன்றையேனும் பயிரிடாத குடும்பம் குறைவு.

விளைவிப்பது இப்படியிருக்க, உண்பது எப்படி இருக்கிறது? அறுவடையான உடனே கடனுக்கும் கைச்செலவுக்கும் மூட்டைகள் முழுவதும் விற்பனைக்குப் போய்விடுகின்றன. இரண்டு மாதம் கழித்து அதே உளுந்தைக் கடையில் கால் கிலோ, அரைக் கிலோவாக அதிக விலை கொடுத்து வாங்குகிறோம். வாங்க இயலாத வாரங்களில் சோறும் குழம்பும் மட்டுமே உணவாகின்றன.

2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 53 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நான்கில் ஒன்று வயதுக்கேற்ற உயரமின்றி இருக்கிறது. சத்துள்ள பொருளை விளைவிக்கும் வீடுகளும் இக்கணக்கில் அடங்கும் என்பதுதான் வருந்தத்தக்கது.

பயிற்சிக் கூட்டங்களில் விவசாயப் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இரண்டையும் வைத்துக்கொள்ள வசதியில்லை. ஒன்றை விற்று ஒன்றை வீட்டுக்கு வைப்பதானால் எதை வைப்பது?" என்பதே அது. இதற்கு ஒரு வரியில் விடை கூற இயலாது. சத்துக்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தால் விடை தானே விளங்கும்.

சத்துக் கணக்கு

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் நாட்டு உணவுப் பொருள்களை ஆராய்ந்து பட்டியல்களை வெளியிட்டுள்ளது. நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் அதன் பட்டியலின்படி, 100 கிராம் சமைக்காத பருப்பிலுள்ள சத்துக்கள் ஏறக்குறைய வருமாறு:

புரதம்: உளுத்தம்பருப்பு 24 கிராம், மல்லாட்டைப் பருப்பு 25 கிராம்.
கொழுப்பு: உளுத்தம்பருப்பு 1.4 கிராம், மல்லாட்டைப் பருப்பு 40 கிராம்.
மாவுச்சத்து: உளுத்தம்பருப்பு 60 கிராம், மல்லாட்டைப் பருப்பு 26 கிராம்.
எரிசக்தி: உளுத்தம்பருப்பு 347 கலோரி, மல்லாட்டைப் பருப்பு 567 கலோரி.
சுண்ணாம்புச்சத்து: உளுத்தம்பருப்பு 154 மில்லிகிராம், மல்லாட்டைப் பருப்பு 90 மில்லிகிராம்.
இரும்புச்சத்து: உளுத்தம்பருப்பு 3.8 மில்லிகிராம், மல்லாட்டைப் பருப்பு 2.5 மில்லிகிராம்.

இரகத்துக்கும் மண்ணுக்கும் ஏற்ப இவை சற்றுக் கூடலாம், குறையலாம். புரதத்தின் அளவில் இரண்டும் ஏறத்தாழச் சமம். எரிசக்தியில் மல்லாட்டை ஒன்றரை மடங்குக்கும் மேல். நயாசின் என்ற 'பி' உயிர்ச்சத்தும் மல்லாட்டையில் மிகுதி. சுண்ணாம்பு, இரும்புச் சத்துகளில் உளுந்து முந்துகிறது. ஆனால் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்வது தவறு. புரதத்தின் தரத்தையும் பார்க்க வேண்டும்.

தரத்தில் உள்ள வேறுபாடு

புரதம் என்பது ஒரே பொருள் அன்று. அமினோ அமிலங்கள் எனப்படும் பல கூறுகள் சேர்ந்தே அது அமைகிறது. இவற்றுள் சிலவற்றை நம் உடல் தானே தயாரித்துக்கொள்ள இயலாது; உணவிலிருந்தே பெற வேண்டும். ஏற்றச் சால் கட்டிய கயிற்றில் ஒரு புரி நைந்தாலும் கயிறு முழுவதும் வலுவிழப்பதுபோல, ஒரு கூறு குறைந்தால் மற்றவை எவ்வளவு இருந்தாலும் உடல் அவற்றை முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளாது.

நம் உணவில் குறையும் கூறு பெரும்பாலும் லைசின் ஆகும். உலக சுகாதார நிறுவனமும் உலக உணவு வேளாண்மை நிறுவனமும் வெளியிட்ட அளவின்படி, வளர்ந்தவர்கள் உண்ணும் ஒவ்வொரு கிராம் புரதத்திலும் 45 மில்லிகிராம் லைசின் இருக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு 48 முதல் 52 மில்லிகிராம் வரை தேவை. அரிசிப் புரதத்தில் இருப்பதோ ஏறக்குறைய 37 மில்லிகிராம். மல்லாட்டைப் புரதத்தில் 36. உளுந்துப் புரதத்தில் சுமார் 65.

அரிசியில் எது குறைவோ அதுவே மல்லாட்டையிலும் குறைவு. உளுந்தில் அது மிகுதி. உளுந்தில் குறைவாக உள்ள கந்தகம் சேர்ந்த அமினோ அமிலங்கள் அரிசியில் போதிய அளவு உள்ளன. எனவே சோற்றுக்குப் பொருத்தமான துணை உளுந்தே.

நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து சேர்த்த இட்லி மாவை எடுத்துக்கொள்வோம். கலவைப் புரதத்தின் ஒவ்வொரு கிராமிலும் 50 மில்லிகிராம் லைசின் கிடைக்கிறது. தேவையை இது தாண்டிவிடுகிறது. அதே அரிசியுடன் ஒரு பங்கு மல்லாட்டையை மட்டும் சேர்த்தால் 36 மில்லிகிராமில் நின்றுவிடுகிறது. புரதத்தின் அளவு கூடுகிறது, தரம் கூடுவதில்லை. நம் முன்னோர் எந்த ஆய்வுக்கூடமும் இன்றி அரிசியையும் உளுந்தையும் சேர்த்து அரைத்தது எவ்வளவு பொருத்தம் என்பது இக்கணக்கால் விளங்கும்.

இட்லி மாவைப் புளிக்க வைப்பதிலும் நன்மை உண்டு. புளிக்கும்போது 'பி' உயிர்ச்சத்துகள் சில கூடுகின்றன. இரும்புச்சத்தை உடலில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட் என்னும் பொருள் குறைகிறது. உளுந்து விலை ஏறும்போது ஐந்துக்கு ஒன்று, ஆறுக்கு ஒன்று என்று அளவைக் குறைத்துவிடும் வழக்கம் பல வீடுகளில் உள்ளது. நான்குக்கு ஒன்று என்ற அளவுக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

மல்லாட்டையின் சிறப்பு

இதனால் மல்லாட்டை தாழ்ந்தது என்று கொள்ள வேண்டாம். சிறு குழந்தையின் வயிறு சிறியது. ஒரு வேளைக்கு அது உண்ணும் அளவும் சிறிது. அச்சிறிய அளவுக்குள் மிகுந்த எரிசக்தியைத் தருவதில் மல்லாட்டைக்கு இணையாக நம் வயலில் விளையும் பொருள் எள் ஒன்றுதான். எரிசக்தி போதாவிடில் உண்ட புரதத்தையே உடல் எரித்துச் செலவழித்துவிடும். நாள் முழுவதும் களை எடுக்கும் பெண்ணுக்கும், ஏர் பிடிக்கும் ஆணுக்கும் இது பொருந்தும்.

உலக அளவில் இதற்குச் சான்றுகள் உள்ளன. 1990களில் பிரான்சு நாட்டில், கடுமையாக மெலிந்த குழந்தைகளுக்காக நிலக்கடலை விழுதும் பால் தூளும் சேர்ந்த உணவு உருவாக்கப்பட்டது. ஆப்பிரிக்க நாடுகளின் பஞ்சப் பகுதிகளில் அது ஏராளமான குழந்தைகளுக்கு வழங்கப்பட்டது. அதற்கு முன்பே, 1950களில், மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு மூன்று பங்கும் கடலைப்பருப்பு மாவு ஒரு பங்கும் சேர்த்து 'இந்தியப் பல்நோக்கு உணவு' என்ற சத்துமாவைத் தயாரித்தது. முன்னதில் பாலும் பின்னதில் பருப்பும் நிலக்கடலையின் லைசின் குறையை நிரப்புகின்றன. மல்லாட்டை தனித்து நிற்பதைவிடத் துணையுடன் நிற்கும்போதே முழுப்பயன் தருகிறது.

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூற வேண்டும். "எங்கள் வீட்டில் செக்கில் ஆட்டிய கடலை எண்ணெய்தான் உபயோகிக்கிறோம், ஆகையால் மல்லாட்டைச் சத்து கிடைத்துவிடுகிறது" என்று பலர் எண்ணுகிறார்கள். எண்ணெயில் புரதம் இல்லை. ஆட்டும்போது புரதம் முழுவதும் பிண்ணாக்கில் தங்கி மாட்டுக்குப் போகிறது. புரதம் வேண்டுமானால் பருப்பையே உண்ண வேண்டும். அவித்தோ, வறுத்தோ, துவையலாகவோ, வெல்லம் சேர்த்து உருண்டையாகவோ உண்ணலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுப்பருப்பாகக் கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழலில் சிக்கிவிடும். பொடித்தே கொடுக்க வேண்டும். முதன்முறை கொடுக்கும்போது சிறிதளவு கொடுத்து, தடிப்போ மூச்சுத்திணறலோ வருகிறதா என்று கவனிக்க வேண்டும். அப்படி வந்தால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பூசண நஞ்சு: கவனம் தேவை

மல்லாட்டையில் ஓர் ஆபத்தும் உண்டு. ஈரம் காயாத பருப்பிலும் உடைந்த பருப்பிலும் பச்சை மஞ்சள் நிறப் பூசணம் வளர்ந்து 'அஃப்ளடாக்சின்' என்ற நஞ்சை உண்டாக்குகிறது. 1960இல் இங்கிலாந்தில் பல்லாயிரக்கணக்கான வான்கோழிகள் மடிந்தபோது, அவற்றுக்கு அளித்த நிலக்கடலைப் பிண்ணாக்கில்தான் இந்நஞ்சு முதன்முதலில் கண்டறியப்பட்டது. 1974இல் இராஜஸ்தான், குஜராத் பகுதிகளில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு 100க்கும் மேற்பட்ட மக்கள் ஈரல் நோயால் இறந்தனர். சிறிது சிறிதாக நெடுநாள் உடலில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய்க்கும் காரணமாகிறது. பிண்ணாக்கின் வழியே மாட்டுக்குப் போனால் பாலிலும் இந்நஞ்சின் கூறு வந்து சேரும். வறுப்பதாலும் அவிப்பதாலும் இது முழுவதும் அழிவதில்லை. எனவே வராமல் தடுப்பதே வழி. அதற்குக் கீழ்க்கண்டவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. காய் முற்றும் தருணத்தில் வறட்சி ஏற்பட்டால் பூசணம் மண்ணிலேயே காயைத் தாக்கும். வசதியுள்ளவர்கள் அச்சமயம் ஒரு தண்ணீர் கொடுக்க வேண்டும்.
2. விதைத்த 40 முதல் 45 நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும். காய் ஓடு உறுதிப்படும்.
3. பறிக்கும்போதும் அடிக்கும்போதும் காய் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கறையான் அரித்த காய்களைத் தனியே ஒதுக்க வேண்டும்.
4. பறித்த காயைக் குவியலாக வைக்காமல் பரப்பிக் காயவைக்க வேண்டும். குலுக்கினால் 'கலகல' என்று சத்தம் கேட்கும் வரை, அதாவது ஈரப்பதம் 8 சதவிகிதத்துக்கு வரும் வரை காய வேண்டும்.
5. இயந்திரத்தில் உடைக்கும் முன் பருப்பு நொறுங்காமல் இருக்கக் காயின் மேல் தண்ணீர் தெளிக்கும் வழக்கத்தை அறவே விட வேண்டும்.
6. வீட்டுக்கு வைப்பதைக் காயாகவே வைத்து, தேவைப்படும்போது உடைத்துக்கொள்ள வேண்டும். மூட்டைகளை மரப்பலகையின் மேல் சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும்.
7. சுருங்கிய, கறுத்த, பூசணம் படர்ந்த, கசக்கும் பருப்பைப் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். மாட்டுக்கும் கோழிக்கும் போடக் கூடாது. செக்குக்கும் அனுப்பக் கூடாது.

நல்ல பருப்பை விற்றுவிட்டுச் சொத்தையை வீட்டுக்கு வைத்துக்கொள்ளும் பழக்கம் பல ஊர்களில் உள்ளது. இது சிக்கனம் ஆகாது. வீட்டுப் பிள்ளைக்கு நஞ்சைச் சேமித்து வைப்பதற்கு ஒப்பாகும்.

உளுந்தைப் பாதுகாத்தல்

உளுந்துக்குப் பகை பயறு வண்டு. வயலிலேயே நெற்றின் மேல் முட்டையிட்டுக் களஞ்சியம் வரை கூடவே வரும். வண்டு துளைத்த உளுந்தில் எடையும் சத்தும் குறைகின்றன. வண்டின் கழிவும் சேர்கிறது. உளுந்தை 10 சதவிகித ஈரப்பதத்துக்குக் காயவைத்து, ஆறிய பின் மூடியுள்ள தகர டப்பாவிலோ வாய் இறுகக் கட்டிய புதுச் சாக்கிலோ சேமிக்க வேண்டும். மாதம் ஒரு முறை திறந்து பார்த்து வெயிலில் உலர்த்த வேண்டும். உடைத்த பருப்பில் இவ்வண்டின் தாக்குதல் குறைவு. எனவே உணவுக்கு வைப்பதில் ஒரு பகுதியைப் பருப்பாக உடைத்து வைக்கலாம். பூச்சி மருந்து கலந்த விதை உளுந்தை எக்காரணத்தாலும் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

"உளுந்து இடுப்புக்கு வலு" என்று பெரியவர்கள் கூறுவர். வயதுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி கொடுப்பதும் இதனால்தான். வளரும் பெண்ணுக்கு நல்ல புரதமும் எரிசக்தியும் சேர்ந்து கிடைப்பதால் இவ்வழக்கம் வரவேற்கத்தக்கதே. ஆனால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து முழுவதையும் உளுந்திலிருந்தே பெற இயலாது. கேழ்வரகில் அதைப்போல் இரு மடங்குக்கு மேலும், எள்ளில் ஒன்பது மடங்கும் உள்ளது. களியையும் இட்லியையும் தோலுடன் கூடிய கறுப்பு உளுந்தில் செய்வது மேலும் நல்லது. நார்ச்சத்து கிடைக்கும், கழிவும் குறையும்.

இரும்புச்சத்து உடலில் சேர, பருப்பு உணவுடன் எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா போன்றவற்றில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். உண்டவுடன் தேநீர் அருந்துவதைத் தவிர்க்க வேண்டும். இரத்தசோகை உள்ளவர்கள் உணவை மட்டும் நம்பாமல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரைகளையும் தவறாது உட்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு எவ்வளவு வைப்பது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட அளவின்படி, 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாள் ஒன்றுக்கு 46 கிராமும், 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 54 கிராமும் புரதம் வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இதற்கு மேல் 22 கிராம் தேவை.

ஒரு பெண் நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்டால் 20 கிராம் புரதம் கிடைக்கிறது. உளுத்தம்பருப்பு 30 கிராமில் 7 கிராம். மல்லாட்டைப் பருப்பு 25 கிராமில் 6 கிராம். ஒரு முட்டையில் ஆறரைக் கிராம். ஒரு குவளைப் பாலில் ஆறரைக் கிராம். ஆகக் கூடுதல் 46 கிராம். தேவை சரியாக நிறைவடைகிறது. இவற்றுள் உளுந்தையும் மல்லாட்டையையும் நீக்கிவிட்டால் 33 கிராமாகக் குறைந்துவிடும். முட்டையும் பாலும் இல்லாத நாளில் துவரை, பச்சைப்பயறு, கொள்ளு ஆகியவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த அளவில் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 55 கிலோ உளுத்தம்பருப்பும் 45 கிலோ மல்லாட்டைப் பருப்பும் தேவைப்படும். உடைப்பில் போகும் கழிவையும் சேர்த்தால் 70 கிலோ முழு உளுந்து, 65 கிலோ மல்லாட்டைக் காய் என்று வைத்துக்கொள்ளலாம். ஏக்கருக்கு 250 கிலோ உளுந்து விளைந்தால் இது 28 சென்ட்டின் விளைச்சல். ஏக்கருக்கு 700 கிலோ காய் விளைந்தால் 10 சென்ட்டுக்கும் குறைவு. இரண்டும் சேர்ந்து 40 சென்ட் நிலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. களத்திலேயே இந்த அளவை அளந்து ஒதுக்கிவிட்டு, மீதியை மட்டும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டு செல்லலாம். விதைக்கு வைப்பதில் நாம் காட்டும் கண்டிப்பை வயிற்றுக்கு வைப்பதிலும் காட்ட வேண்டும்.

கடையில் வாங்க நேர்ந்தால் எது மலிவு என்று அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. ஒரு கிலோ உளுத்தம்பருப்பின் விலையை 24ஆல் வகுக்கவும். ஒரு கிலோ மல்லாட்டைப் பருப்பின் விலையை 25ஆல் வகுக்கவும். ஒரு முட்டையின் விலையுடன் அதில் பாதியைக் கூட்டவும். வரும் தொகை ஒவ்வொன்றும் 10 கிராம் புரதத்தின் விலையாகும். அன்றைய விலைக்கு எது குறைவோ அதைக் கூடுதலாக வாங்கலாம்.

குழந்தைகளுக்கு வீட்டுச் சத்துமாவு

அரிசி 4 பங்கு, உளுந்து 2 பங்கு, பொறுக்கிய மல்லாட்டைப் பருப்பு 1 பங்கு எடுத்துக்கொள்ளவும். தனித்தனியே பொன்னிறமாக வறுக்கவும். கருக விடக் கூடாது; கருகினால் லைசின் அழியும். அரிசியையும் உளுந்தையும் மாவாக்கி, மல்லாட்டையைத் தனியே பொடித்துக் கலக்கவும். 100 கிராம் மாவில் 14 கிராம் புரதம் இருக்கும். தரமும் சிறுவர்களுக்கு ஏற்றது. வெல்லம் சேர்த்து, இயன்றால் பால் விட்டுக் கஞ்சியாகக் காய்ச்சிக் கொடுக்கலாம். எண்ணெய்ப் பசையால் காறிவிடும் ஆதலால் பதினைந்து நாளுக்கு வேண்டிய அளவே தயாரிக்க வேண்டும். அங்கன்வாடியில் கிடைக்கும் சத்துமாவுக்கு இது துணையே தவிர மாற்று அல்ல. ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே உணவு.

வயலிலும் துணைப் பயிர்

வீட்டில் துணையாக இருக்கும் இவ்விரண்டும் வயலிலும் துணையானவை. இரண்டும் வேர் முடிச்சுகளால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பவை. மல்லாட்டை விதைக்கும்போது ஊடுபயிராகவும் வரப்பு ஓரங்களிலும் உளுந்தை விதைத்தால், தனி நிலம் ஒதுக்காமலே வீட்டுத் தேவையில் ஒரு பகுதி கிடைத்துவிடும். மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் வம்பன் 8, வம்பன் 11 போன்ற உளுந்து இரகங்களைத் தேர்ந்தெடுக்கலாம். பூக்கும் பருவத்தில் ஏக்கருக்கு 2 கிலோ பயறு ஒண்டரை 200 லிட்டர் நீரில் கலந்து தெளித்தால் பூ உதிர்வது குறையும். இரக விவரங்களை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறியலாம்.

முடிவாக

ஒன்றைத்தான் வைக்க இயலும் என்றால், சோறு உண்ணும் நம் வீட்டுக்கு முதலில் உளுந்தை வையுங்கள். கைக்குழந்தையோ, மெலிந்த பிள்ளையோ, கர்ப்பிணியோ உள்ள வீடானால் ஒரு மரக்கால் மல்லாட்டையாவது கூடவே வையுங்கள். இரண்டையும் வைக்க இயன்றவர்கள் இட்லிக்கு மல்லாட்டைத் துவையல் அரைத்துச் சாப்பிட்டாலே பாதிக் கவலை தீர்ந்தது. வைத்ததை வீட்டுப் பெண்கள் கடைசியில் மிஞ்சியதாக உண்ணாமல், எல்லோருடனும் சேர்ந்து சம பங்காக உண்ண வேண்டும். விளைவித்தவர் வீட்டில் முதல் படி, வியாபாரிக்கு மறுபடி என்பதை இந்தப் பட்டத்திலிருந்தே வழக்கமாக்கிக்கொள்ளுமாறு விவசாயப் பெருமக்களைக் கேட்டுக்கொள்கிறேன்.